இருவருக்கும் நேர்ந்தது

எங்கள் வீட்டில் கடவுளுக்கு நன்றி சொல்வது சத்தமாகச் செய்ய வேண்டிய காரியம். அம்மா அப்படித்தான் பழகியிருந்தாள். பால் பொங்கி வழியாமல் நின்றால் சர்வேசுரனுக்குத் தோத்திரம். மழைக்கு முன்னால் கொடியிலிருந்து துணியை எடுத்துவிட்டால் தோத்திரம். சுங்கச்சாவடியில் எழுத்தராக இருந்த அப்பா, அதிகாரியிடம் பேச்சு வாங்காமல் வீடு திரும்பினால் அதற்கும் ஒன்று. மாலையில் செபமாலை முடிந்த பிறகும் எங்களை எழுந்திருக்க விடமாட்டாள். மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் இருந்தபடியே ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கு ஆண்டவர் நமக்கு என்ன நன்மை செய்தார்? நேற்றுச் சொன்னதையே இன்று சொன்னால் ஏற்கமாட்டாள். முழங்கால் வலியில் நான் எதையாவது தேடிப் பிடிப்பேன். குழம்பில் மீன் தலை எனக்கு வந்தது, ஆசிரியை இன்று என்னைக் கேள்வி கேட்கவில்லை, இப்படி. அண்ணன் என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரிப்பான்.

அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் ஒருநாள் நின்றுபோனது. ஏன் நின்றது என்பதைச் சொல்ல வேண்டுமானால் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, மாதா கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் தெரு. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே இருந்தவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். சொந்தம் இல்லை. அம்மாவைவிட மூத்தவர், அவ்வளவுதான். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் குசினி வேலை, அதாவது சமையல், பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே மகன். அவனும் என் அண்ணனும் ஒரு வயது. இரண்டு வீட்டுக்கும் நடுவே கதவு இல்லாத குறையை அவர்கள் கொல்லைச் சுவரில் ஏறிக் குதித்துத் தீர்த்துக்கொண்டார்கள். யார் எந்த வீட்டில் சாப்பிட்டான், எந்த வீட்டில் தூங்கினான் என்று யாரும் கேட்டதில்லை.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் இருவரும் மில்லில் வேலைக்கு அலைந்தார்கள். கிடைக்கவில்லை. ஒருநாள் சேர்ந்தே போய் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்கள். எங்கள் ஊரில் பட்டாளக்காரனைச் சொல்தா என்பார்கள். சொல்தா ஆகி சைகோனுக்குப் போய் வந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அதனால் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. அம்மா மட்டும் மூன்று வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். பெரியம்மா மகனை ஒன்றும் சொல்லவில்லை. கப்பல் புறப்பட்ட அன்று கடற்கரையில் இரண்டு தாய்மாரும் கைகோத்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா அந்த மணலிலேயே, எல்லார் காதிலும் விழும்படி நேர்ந்துகொண்டாள். மகன் உயிரோடு திரும்பினால் பாட்டுப் பூசை வைப்பேன், அவன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி செய்து அவன் கையாலேயே ஏற்ற வைப்பேன், வாத்தியம் முழங்கக் கோயிலுக்குப் போவேன், ஏழைகளுக்குச் சோறு போடுவேன் என்றாள். பெரியம்மாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. அவர் என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை. எல்லாத் தாயும் வேண்டுவதைத்தான் வேண்டியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

சைகோன் பக்கத்துச் சண்டை முடியப்போகிறது என்று ஊர் பேசிக்கொண்டிருந்த ஐம்பத்துநாலாம் வருடத்தின் தொடக்கத்தில், ஒரு காலை, வாய்க்கால் பக்கத்திலிருந்து எங்கள் பங்குச் சாமியாரும் பட்டாள அலுவலகத்து ஆள் ஒருவரும் தெருவுக்குள் நடந்து வந்தார்கள். அந்த இரண்டு பேர் சேர்ந்து நடந்து வந்தால் என்ன பொருள் என்று தெருவுக்கே தெரியும். அம்மா வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் பின்னால் நின்றேன். பக்கத்து வாசலில் பெரியம்மா, வேலைக்குப் புறப்பட்ட கோலத்தில் நின்றார். மகனைச் சண்டைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்கள் அந்தத் தெருவில் அப்போது இவர்கள் இருவர் மட்டும்தான்.

சாமியார் மெதுவாக வந்தார். எங்கள் வாசலுக்கு நேரே வந்தபோது அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்துகொண்டு தாண்டிப் போனார்.

"சர்வேசுரனுக்குத் தோத்திரம்!"

அம்மாவின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. நினைத்துச் சொன்னதில்லை. அடக்கி வைத்திருந்த மூச்சோடு கலந்து வந்தது. ஆனால் அம்மா எப்போதும் சொல்லும் அதே சத்தத்தில் வந்தது. தோத்திரம் என்பதன் கடைசி எழுத்து காற்றில் இருக்கும்போதே சாமியார் பக்கத்து வாசலில் நின்றுவிட்டார். பெரியம்மா சாமியாரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போதுதானே ஏதோ காதில் விழுந்தது, அது என்ன என்று யோசிப்பவர் போல இருந்தது முகம். பிறகு சாமியார் பேசத் தொடங்கினார். அம்மா ஓடிப்போய்ப் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு, தெருவே கூடும்படி அழுதாள். பொய் அழுகை இல்லை. இறந்துபோனவனும் அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன்தான். அன்றிலிருந்து பல நாள் அந்த வீட்டிலேயே கிடந்தாள், கஞ்சி காய்ச்சினாள், பெரியம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். நிலைப்படியில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற நானும் அதையே வாய்க்குள் சொல்லியிருந்தேன். என் குரல் வெளியே வரவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அன்று மாலை செபமாலை முடிந்ததும் வழக்கம்போல முழங்காலில் இருந்தோம். அம்மா வாயைத் திறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "போதும், எழுந்திருங்க" என்றார். அதன்பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி, ஊரில் கொடி மாறியது. வெள்ளைக்கார வீடுகள் பல காலியாயின. பெரியம்மா வேலை பார்த்த குடும்பமும் கப்பல் ஏறிவிட்டது. அவர் வேறொரு வீட்டுக்கு, நம்மவர் வீட்டுக்கே, சமைக்கப் போனார். அடுத்த வருடம் என் அண்ணன் திரும்பி வந்தான்.

ரிக்‌ஷாவில் வந்து இறங்கினான். கறுத்து, கன்னம் ஒட்டி, ஆனால் கைகால் எல்லாம் முழுசாக. அம்மா அவனைத் தலையிலிருந்து பாதம்வரை தடவிப் பார்த்தாள். பக்கத்து வாசலில் பெரியம்மா வந்து நின்றதை நாங்கள் எல்லாருமே பார்த்தோம். அண்ணன் அவரைப் பார்த்துக் கையைக் கொஞ்சம் தூக்கினான். அப்புறம் பெட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான். மறுநாளிலிருந்து கொல்லைப்புறச் சந்து வழியாகவே வெளியே போனான், வந்தான்.

"பெரியம்மாகிட்ட போய்ட்டு வாடா" என்று அப்பா சொன்னார்.

"போறேன்" என்பான். போகமாட்டான்.

தெரு அவனுக்காக ஒரு கதை கட்டியிருந்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சண்டை போட்டார்கள், ஒருவன் இவன் மடியில் உயிரை விட்டான், அதனால்தான் இவனுக்குப் பேச வரவில்லை என்றது கதை. அண்ணன் அதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நேர்ச்சையைச் செலுத்தும் நாள் குறிக்கப்பட்டது. மெழுகுவர்த்திக்காக அண்ணனைச் சுவரில் சாய்த்து நிறுத்தி அளவெடுத்தார்கள். அது அந்தப் பொதுச் சுவர். சுவரில் கரிக்கோடு விழுந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். "இதெல்லாம் வேணாம்மா. ஒரு பூசை போதும்" என்று கெஞ்சினான். "நேந்ததைக் கொறைக்க முடியுமாடா? சர்வேசுரன்கிட்ட பேரம் பேசறதா?" என்றாள் அம்மா. அவள் குரலில் பழைய உறுதி இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கப் பயம். கொடுத்ததை ஆண்டவர் திருப்பிக் கேட்டுவிட்டால்?

தெருவில் எல்லா வீட்டையும் அழைத்தாயிற்று. பக்கத்து வீட்டை மட்டும் எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. என் மகன் பிழைத்து வந்ததற்கு நன்றிப் பூசை வைக்கிறோம், வாருங்கள் என்று அந்த வாசலில் நின்று எந்த வாயால் சொல்வது? அழைக்காமல் விட்டால் அதைவிட மோசம். அம்மா முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு போனாள். முதல் தடவை போய், முருங்கைக்கீரை கொடுத்துவிட்டு வந்தாள். "சொல்லிட்டியா?" என்று அப்பா கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினாள். இரண்டாம் தடவை போய், வெயில் அதிகமாக இருப்பதைப் பற்றிப் பேசிவிட்டு வந்து, சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் தடவை போகவில்லை.

அந்த நாள் வந்தது. எனக்குப் புதுப் பட்டுப் பாவாடை, தாவணி. உடுத்திக்கொண்டபோது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணன் வெறுங்காலோடு, தன் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். பேண்டு வாத்தியக்காரர்கள் வாசலில் தயாராக இருந்தார்கள். கோயிலுக்குப் போக ஒரே நேர்வழிதான். பெரியம்மா வீட்டைத் தாண்டிப் போக வேண்டும்.

அம்மா தெருவில் இறங்கி, எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

"கோயிலு இந்தப் பக்கம்மா" என்றார் கிளாரினெட் வாசிப்பவர்.

"தெரியும். இப்படிப் போலாம்" என்றாள் அம்மா.

வாய்க்கால் பக்கமாக இறங்கி, இன்னொரு தெருவில் புகுந்து, நீளமாகச் சுற்றிக்கொண்டு போனோம். எங்கள் தெருவைக் கடக்கும்வரை வாசிக்க வேண்டாம் என்று அப்பா வாத்தியக்காரர்களிடம் சொன்னார். அவர்கள் கருவிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். கடவுளுக்கு நன்றி சொல்லப் போகிற குடும்பம், எதையோ களவாடிக்கொண்டு போவதுபோல ஓசைப்படாமல் நடந்தது. நான் பட்டுப் பாவாடை சரசரக்காமல் இருக்க அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வழியில் யாராவது எதற்கு இந்தச் சுற்று என்று கேட்டுவிடப் போகிறார்களே என்று தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பூசையில் சாமியார் எங்களைப் புகழ்ந்து பிரசங்கம் செய்தார். ஆபத்து நேரத்தில் ஆண்டவரைக் கூப்பிடுகிறவர்கள் பலர், ஆபத்து நீங்கிய பிறகு நினைப்பவர்கள் சிலர், இந்தக் குடும்பம் நன்றி மறக்காத குடும்பம் என்றார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நற்கருணை வாங்க எழுந்தபோது திரும்பிப் பார்த்தேன். கடைசித் தூணருகில், வெள்ளைப் புடவை முக்காட்டோடு பெரியம்மா முழங்காலில் இருந்தார். அம்மாவும் பார்த்துவிட்டாள். அதன்பிறகு அவள் தலை நிமிரவே இல்லை.

பூசை முடிந்து, கோயில் வளாகத்து மரத்தடியில் ஏழைகள் பந்தியாக உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. அம்மா சோற்றுக் கூடையைத் தூக்கப் போனபோது பெரியம்மா வந்தார். அவர் இடுப்பில் ஒரு பெரிய கூடை. வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. துணியை எடுத்தார். உள்ளே ரொட்டி. காலையில் சுட்ட ரொட்டியின் வாசனை எங்கள் பக்கம் வந்தது.

"நானும் பரிமாறணும்" என்றார்.

"நீங்க எதுக்குக்கா..." அம்மாவுக்கு அதற்குமேல் வரவில்லை.

"எதுக்குன்னா? நேந்துக்கிட்டேன், அதுக்குத்தான். அன்னிக்கு பீச்சுல நீ மட்டுமா நேந்த? எனக்கும் வாய் இருந்துச்சு இல்ல? ரெண்டு பேரும் திரும்பி வரணும், வந்தா அந்தோணியாரு பேரால ஏழைங்களுக்கு ரொட்டி குடுக்கறேன்னு நேந்தேன். ஒருத்தன் வந்துட்டான். அப்ப குடுக்கணுமா இல்லியா?"

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். அப்படியே மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நான் உங்க புள்ளைக்கு நேந்துக்கலக்கா" என்றாள். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. "எம் புள்ள பேரைத்தான் சொன்னேன். உங்க புள்ள பேரு என் வாய்ல வரலக்கா. நெனப்பே வரல."

"தெரியும். பக்கத்துலதானே நின்னேன். நீ கத்தித்தானே சொன்ன."

"வாசல்ல அன்னிக்கு நான் சொன்னது..."

"அதுவும் கேட்டுச்சு."

பிறகு பெரியம்மாவின் குரல் உயர்ந்தது. அவரை யாரும் சாந்த சொரூபி என்று நினைத்துவிட வேண்டாம்.

"அதெல்லாம் போவட்டும்னு வுட்டேண்டி. இன்னிக்கு சுத்திக்கிட்டுப் போனீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல. பொறந்ததுல இருந்து இந்தப் பையன் என் வாசல மிதிச்சுக்கிட்டுத்தான் கோயிலுக்குப் போவான். என் வாசல்ல என்ன பேயா குந்திக்கினு இருக்குது? நான் கதவுக்கிட்ட நின்னுக்கிட்டு இருக்கேன், மேளம் வரும், மேளம் வரும்னு. இவன் மெழுகுவத்தியப் புடிச்சிக்கினு போறதப் பாக்க எனக்குக் குடுத்துவெக்கலையா?"

அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெட்கம் என்பது கன்னத்தில் சூடாக ஏறும் என்பார்கள். எனக்கு அன்று அது காலில் இருந்தது. நின்ற இடத்திலிருந்து நகர முடியவில்லை. நாங்கள் அவருடைய துக்கத்துக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் சுற்றிப் போனோம். உண்மையில் எங்கள் மகிழ்ச்சியை அவர் கண்படாமல் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தோம்.

பெரியம்மா ரொட்டியை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். முதல் வரிசையில் இருந்த கிழவர் ஒருவர், வழக்கம்போல, "என்ன நன்மைக்கும்மா?" என்று கேட்டார். பெரியம்மா நின்றார்.

"பையன் ஊருக்கு வந்துட்டான்" என்றார்.

வரிசை முடிந்து திரும்பி வந்தபோது, அம்மாவின் பக்கத்தில் கூடையை வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "மனசாரக் குடுத்தியான்னு மட்டும் கேட்டுடாத. தோத்திரம்னு சொல்லலாம்னு பாக்கறேன், வாய் வரமாட்டேங்குது. கைதான் வருது. குடுத்துட்டேன்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ இன்னிக்கு வூட்டுக்கு வர. முன்வாசல் வழியா."

அன்று பிற்பகல் அண்ணன் போனான். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பெரியம்மா பாயை விரித்து எங்களை உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். சுவரில் அவர் மகனின் படம், பட்டாள உடுப்பில். அண்ணன் அதைப் பார்க்காமல் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு" என்றார் பெரியம்மா. "அவன் எப்படி இருந்தான் அங்க?"

அண்ணன் படத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அழ ஆரம்பித்தான். பெரிய ஆண்பிள்ளை, தோள் குலுங்க அழுதான்.

"எனக்குத் தெரியாது பெரியம்மா. எறங்கின கொஞ்ச நாள்லயே பிரிச்சுட்டாங்க. அவன வடக்க அனுப்பிட்டாங்க. என்னை சைகோன்லயே கிடங்குல போட்டுட்டாங்க. அரிசி மூட்டை, டின்னு, சோப்புக்கட்டி. அதான் என் சண்டை. ஒரு துப்பாக்கி சத்தத்தக்கூட நான் கிட்டக்க கேட்டதில்ல. அவன் போனது எனக்கே அப்புறந்தான் தெரியும். அம்மா ஆள் ஒசரத்துக்கு மெழுகுவத்தி செய்யறாங்க. ஊரே என்னை என்னமோ நெனைச்சிருக்குது. நான் மூட்டை தூக்கிக்கினு இருந்தேன் பெரியம்மா. உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

இதைக் கேட்டு எனக்கே முதலில் அவமானமாக இருந்தது. எங்கள் நேர்ச்சை, பேண்டு, பிரசங்கம் எல்லாம் அரிசி மூட்டைக்கா என்று தோன்றியது. பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

அவர் சிரித்துவிட்டார். கண்ணில் நீர் வழிய ஒரு சிரிப்பு.

"கிடங்குலயா இருந்த? கிடங்குலயா? அடப்பாவி, அதுக்குத்தாண்டா நான் வேண்டுனேன்! ரெண்டு பேரையும் துப்பாக்கிக்கிட்ட சேக்காத, எங்கனா ஒரு மூலைல, சமையக்கட்டுலயோ எங்கயோ போட்டு வெய்யின்னு கேட்டேன். நீ சண்டை போட்டு செயிச்சுட்டு வரணும்னா கேட்டேன்?" அவன் தலையைப் பிடித்து ஆட்டினார். "ஒன்னை வெச்ச இடம் நான் கேட்ட இடந்தான். இதுக்கா வெக்கப்பட்டுக்கினு சந்துல பூந்து ஓடின?"

பிறகு, இருவரும் சேர்ந்திருந்த நாட்களைப் பற்றி மட்டும் சொல் என்றார். கப்பலைப் பற்றி அண்ணன் சொன்னான். புறப்பட்ட அன்றே தனக்குத் தலைசுற்றி வாந்தி எடுத்ததை, பெரியம்மா மகன் வாளியைப் பிடித்துக்கொண்டே கேலி செய்ததை, கப்பல் சமையல்காரன் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு, "எங்கம்மா இதைப் பாத்தா ஒன்னைக் கடல்ல தள்ளிடுவாங்க" என்று அவனிடமே பிரெஞ்சில் சொன்னதை, சமையல்காரன் கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்தியதை. பெரியம்மா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். விளக்கு வைக்கும் நேரம்வரை அங்கேயே இருந்தோம். அந்த வருடங்களில் அண்ணன் வாய்விட்டுப் பேசியது அன்றுதான்.

எல்லாம் அத்தோடு சரியாகிவிடவில்லை. அண்ணனுக்கு முன்வாசல் திறந்துவிட்டது, அம்மாவுக்குத் திறக்கவில்லை. பெரியம்மாவை நேருக்கு நேர் பார்க்க அவளால் முடியவில்லை. பலகாரம் செய்தால் என்னிடம் கொடுத்தனுப்புவாள். பெரியம்மா தெருவில் வந்தால் உள்ளே போய்விடுவாள். செபமாலையில் பெரியம்மா மகனின் ஆத்துமத்துக்காகத் தனியாகப் பத்து மணிச் செபம் சேர்த்துக்கொண்டாள். தோத்திரம் என்ற சொல் அவள் வாயிலிருந்து கேட்கவே இல்லை. மாதக்கணக்கில் இப்படிப் போனது. ஒரு நாள் நான் கொண்டுபோன கிண்ணத்தைப் பெரியம்மா வாங்கவில்லை. கிண்ணத்தோடு என்னையும் இழுத்துக்கொண்டு எங்கள் சமையலறைக்குள் வந்து நின்றார்.

"இந்தாடி" என்றார் அம்மாவிடம். "ஒனக்கு வெக்கமா இருந்தா அது ஒன் கஷ்டம். அதைத் தட்டுல வெச்சு எனக்கு அனுப்பாத. எனக்குப் பேச ஆள் இல்ல. வந்து ஒக்காரு."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். அன்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருவர் குரலும் மாலைவரை கேட்டது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை பெரியம்மா உரக்கத் திட்டுவது கேட்டது. அப்புறம் இருவரும் மூக்கைச் சிந்துவது கேட்டது.

எனக்குக் கல்யாணமாகி முதலியார்பேட்டைக்குப் போனேன். விருந்துக்குப் பெரியம்மாதான் சமையல். கல்யாணத்துக்கு அழைக்க அம்மா முதலில் ஏறிய படியும் பெரியம்மா வீட்டுப் படிதான். இரண்டு வருடம் கழித்து என் குழந்தைக்குத் தொண்டையில் நோய் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் குழந்தை பிழைத்தது. அடுத்த கட்டிலில் இருந்த அரியாங்குப்பத்துப் பெண்ணின் குழந்தை பிழைக்கவில்லை. டாக்டர் என்னிடம் வந்து இனிப் பயமில்லை என்று சொன்னபோது, என் வாய் திறந்தது. திறந்ததைக் கையால் பொத்திக்கொண்டேன். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, உள்ளுக்குள், ஏதோ கூடாததைச் செய்பவள்போல நன்றி சொன்னேன். பிறகு எழுந்து போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் மடியில் படுத்துக்கொண்டாள். அவளுடைய புருஷன் வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை. அவள் என்னை என்ன நினைத்திருப்பாள் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

அறுபத்திரண்டில் ஊர் முழுசாகக் கைமாறியது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்தான். அவனுக்கும் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். பிரான்சில் வேலை கிடைக்கும் என்று நண்பர்கள் அழைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் கப்பல் பிடிப்பதற்காக ரயிலேறினார்கள்.

ஸ்டேஷனுக்குப் பெரியம்மாவும் வந்திருந்தார். வழிக்கென்று சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து அண்ணி கையில் கொடுத்தார். அண்ணன் இரண்டு பேர் காலிலும் விழுந்தான். வண்டி நகர்ந்ததும் அம்மாவுக்குத் தாங்கவில்லை. பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க வேண்டிக்குங்கக்கா. எனக்குக் கேக்கத் தெரியல. நீங்க கேட்டா குடுப்பாரு."

பெரியம்மா வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் இப்பல்லாம் கேக்க பயமா இருக்குது" என்றார். "குடுத்தவரைக்கும் சரின்னு ஒக்காந்துக்கினு இருக்கேன்."

பிளாட்பாரத்தில் கூட்டம் கலைந்தது. என் குழந்தை தோளில் தூங்கிவிட்டது. பெரியம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"வா, அப்படியே மார்க்கெட்டுக்குப் போயிட்டுப் போலாம். இந்நேரத்துக்கு மீன் வந்திருக்கும்."

இருவரும் முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் போனேன்.